அடுப்புக்குள் இருந்த தோல்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 உரைகளில் அரசியல் சட்டம், பூனா ஒப்பந்தம், மதமாற்றம் என்று பெரிய பொருள்களைப் பேசுவது நம் வழக்கம். இந்த முறை மிகச் சிறிய ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். பம்ப் ஸ்டவ்வுக்குள் இருக்கும் வாஷர். நாணயம் அளவே இருக்கும் ஒரு தோல் வட்டம். அது தேய்ந்து போனால் பழைய செருப்பு வாரை வெட்டி நம் வீடுகளில் புதிது செய்துகொண்டார்கள். அந்தச் சின்ன வேலைக்குள் நம் வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் பம்ப் ஸ்டவ்வைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ஆகவே அது எப்படி எரிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 1892இல் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய அடுப்பு அது. ப்ரைமஸ் என்ற பெயரில் உலகமெங்கும் போனது. பிறகு இந்தியாவிலேயே அதே அமைப்பில் செய்து விற்றார்கள். திரி கிடையாது. வயிறு பருத்த பித்தளைத் தொட்டி, மூன்று கால், தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பம்ப். தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். (கெரசின் ஆயில் என்பது நம் பாட்டிமார் வாயில் கிருஷ்ணாயில் ஆனது. பகவானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பம்ப் அடித்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். அழுத்தம் எண்ணெயை மேலே பர்னருக்குத் தள்ளும். பர்னரை முன்பே சூடாக்கி வைத்திருப்பதால் எண்ணெய் அங்கே ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறிக்கொண்டு வந்து நீலமாக எரியும்.

இதில் எல்லாமே பித்தளையும் இரும்பும். பம்ப் தண்டின் முனையில் இருக்கும் வாஷர் மட்டும் தோல். சிறு கிண்ணம் போல வளைத்த தோல். கிண்ணத்தின் வாய் தொட்டிப் பக்கம் பார்த்திருக்கும். தண்டை உள்ளே தள்ளும்போது காற்று கிண்ணத்தின் விளிம்பை விரித்துக் குழாய்ச் சுவரோடு ஒட்டவைக்கும். காற்று பின்னால் தப்பாது. தண்டை வெளியே இழுக்கும்போது விளிம்பு உள்பக்கமாக மடங்கி வெளிக்காற்றுக்கு வழிவிடும். ஒரே துண்டுத் தோல், ஒரு தடவை அடைப்பு, மறு தடவை கதவு. தோலுக்கு வளையும் குணமும் விறைக்கும் குணமும் சேர்ந்தே இருப்பதால்தான் இது நடக்கிறது. பிறகு வந்த பொறியியல் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். வேலை ஒன்றுதான்.

இந்தத் தோல் காய்ந்தால் சுருங்கும். கைப்பிடி ஒரு எதிர்ப்பும் இல்லாமல் சும்மா போய் வரும், அழுத்தம் ஏறாது. முதல் வைத்தியம் எண்ணெய். தண்டைக் கழற்றி, விளிம்பை விரலால் விரித்துவிட்டு, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, லேசாகத் திருகியபடி திரும்பச் செருக வேண்டும். நகராத பம்ப் மறுபடி கனமாக அடிபடும். இதை வீட்டுப் பெண்கள் யாரையும் கேட்காமல் செய்தார்கள்.

தோல் கிழிந்துவிட்டால் எண்ணெய் உதவாது. கடையில் வாஷர் கிடைக்கும். கூலி வராத நாளில் கடைக்குப் போக முடியாது. போனாலும் அளவு சரியாக இருக்கும் என்று உறுதியில்லை. அப்போதுதான் பழைய செருப்பின் வார், அறுந்த பையின் மடிப்பு, ஷூவின் நாக்கு என்று தேடுவார்கள். செருப்பின் அடித்தோல் ஆகாது, அது தடிமன். இன்னொரு நுணுக்கம் உண்டு. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலை நனைத்து வளைத்தாலும் அந்த வளைவு நிற்காது, காய்ந்ததும் பழையபடி நிமிரப் பார்க்கும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நாட்டுத் தோல் நனைத்தால் சொன்னபடி வளையும், காய்ந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஆகவே நாட்டுத் தோலை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, குழாயின் வாயைவிடப் பெரிய வட்டமாக வெட்டி, நடுவில் குத்தூசியால் துளையிட்டு, தண்டில் நட்டுப் போட்டு இறுக்கி, அதே அளவுள்ள ஒரு குழாய்க்குள் அழுத்திவிடுவார்கள். விளிம்பு தானாக மடிந்து கிண்ணமாகும். நிழலில் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்தபின் விளிம்பைச் சமமாகச் சீவி எண்ணெய் போட்டால் வேலை முடிந்தது.

தோலுக்குப் பதில் ரப்பர் போட்டால் என்ன என்று கேட்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடிக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். சாதாரண ரப்பர் மண்ணெண்ணெயைக் குடித்து உப்பும், கொழகொழத்துப் போகும். தொட்டியில் ஊசிமுனைக் கசிவு இருந்தால் துணி துவைக்கும் கட்டிச் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். சோப்பு தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. எது எதில் கரையும், எது எதைக் குடிக்கும் என்ற இந்த அறிவை வேதியியல் என்று அழைக்க நமக்குக் கூச்சம் இருக்கக் கூடாது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். நனைந்த தோல் எப்படி நடந்துகொள்ளும் என்று இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் யார்? கொங்கு நாட்டுக் கிணறுகளைப் பாருங்கள். மின்சாரம் வருவதற்கு முன் அங்கே வெள்ளாமை நடந்தது கவலையால். கமலை என்று பிற பகுதிகளில் சொல்வார்கள். சரிந்த பாதையில் இரண்டு எருதுகள் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தொங்கும் தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்க நனைந்து, இழுபட்டு, கல்லில் உரசி, இரவில் காயும் தோல் அது. அறுந்தால் அன்றைக்கே தைக்க வேண்டும், இல்லையென்றால் பயிர் வாடும். அதைச் செய்தும் தைத்தும் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள், அந்த வட்டாரத்தில் மாதாரிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். பண்ணையின் செத்த மாடு அவர்களிடம் வரும். அந்தத் தோலிலிருந்து பண்ணைக்குச் சாலுக்கான தோலும் செருப்பும் திரும்பிப் போக வேண்டும். கூலி தானியமாக. ஊர்த்தெருவில் அவர்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. செருப்பைச் செய்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் என்பதை நாம் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றி குனெல் செடர்லோஃப் என்ற ஸ்வீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் 1997இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கிணற்றுப் பாசனம் நம்பியிருந்த தோல் வேலை மாதாரிகளைப் பண்ணையோடு கட்டிப்போட்டது. அதே சமயம், அவர்கள் இல்லாமல் பண்ணை நடக்காது என்ற நிலையையும் உண்டாக்கியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் மின்கம்பி கொங்குக் கிணறுகளை எட்டியது. மோட்டார் வந்த கிணற்றில் கவலை நின்றது. தோல் தைப்பவரின் தேவையும் நின்றது. கட்டு அறுந்தது, கூடவே கட்டோடு வந்த தானியமும் அறுந்தது. மாதாரி தினக்கூலி ஆனார். விடுதலையா, வேலையிழப்பா என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாத மாற்றம் இது. சொல்ல முடியும் என்பவர்களை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறோம்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மோட்டார் வந்ததால் தோல் போய்விட்டதா என்றால், இல்லை. மோட்டார் பம்பின் குழாய் கிணற்றுக்குள் இறங்கும் இடத்தில் புட்வால்வு இருக்கும். தண்ணீரை மேலே விட்டு, கீழே திரும்ப விடாத மடல். அந்த மடலும் நெடுங்காலம் தோலாகவே இருந்தது. அது தேய்ந்து தண்ணீர் நிற்காமல் போனால் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றி அடைப்பைச் சரிக்கட்டுவது நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். 1970களில் கோவை அருகே சோதித்துப் பார்த்து, பிறகு நாடெங்கும் நட்ட இந்தியா மார்க் 2 அடிபம்புக்குள்ளும் முதலில் போட்டது தோல் வாஷர்தான். எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. ஆக, கவலைச் சாலிலிருந்த தோல் மோட்டாருக்குள்ளும் அடிபம்புக்குள்ளும் அடுப்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. தோல் வேலை தெரிந்தவர் மட்டும் வெளியே நின்றார். பம்பைப் பழுது பார்ப்பவர் மெக்கானிக். அதே தோலை அதே குத்தூசியால் துளையிடுபவர் செருப்புத் தைப்பவர். ஒருவருக்கு நாற்காலி, ஒருவருக்குத் திண்ணைக்குக் கீழே மண்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குப் பாதிப் பதில் கிண்டியில் இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் 1859இல் பொறியியல் கல்லூரி ஆனது. சென்னை மாகாணத்தில் கைத்தொழில் அறிவு எப்படிக் கீழே தள்ளப்பட்டது, கையில் கருவியைத் தொட்டறியாத சாதிகள் எப்படிப் பொறியாளர்கள் ஆயின என்பதை அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளிவந்த ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஐஐடி பற்றிய நூல் என்று மட்டும் நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், முன்பகுதியைப் படியுங்கள். தோலுக்கும் இதே கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைப் பரிசோதித்தபோது அவர் மனத்தில் இருந்தவற்றில் ஒன்று கவலைச் சால். தண்ணீரில் அழுகாத தோலில் சால் செய்தால் உழவருக்கு லாபம் என்பது கணக்கு. கணக்கில் உழவர் இருந்தார், அரசு இருந்தது, ஏற்றுமதி வணிகர் இருந்தார். தைப்பவர் சோதனைக்கு உதவும் கையாக மட்டுமே இருந்தார். பல்லாவரத்தை ஒட்டிய குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர் இன்றும் குரோம்பேட்டையாக நிற்கிறது. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோல், அறிவியல் ஆனது. தோலைத் தொட்டவர்மீதிருந்த தீட்டு அப்படியே இருந்தது.

அடுக்களைக்குத் திரும்புவோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் எந்த வீட்டிலும் நுழைய வேண்டும். ஆசாரமான வீட்டின் சமையல் கட்டுக்குள் தோல் பொருளை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அந்தச் சமையல் கட்டின் நடுவில் பித்தளை பளபளக்க உட்கார்ந்திருந்த பம்ப் ஸ்டவ், ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் முன்னால் ஒரு மாட்டுத் தோல் துண்டை இருபது முப்பது தடவை இழுத்துத் தள்ளித்தான் எரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே தீட்டு இல்லை. ஆங்கிலப் பெயரில் வாஷர் என்று வந்தது, ஆகவே தோல் இல்லை. மிருதங்கத்துக்கும் இதுவே நடந்தது. மேடையில் தோல் ஒலிக்கும், அதைச் செய்து பூட்டியவர் மேடைக்குப் பின்னால் நிற்பார். டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் அந்தக் குடும்பங்களைப் பெயர் சொல்லி எழுதினார். அடுப்பு வாஷருக்கு அப்படி ஒரு நூல் வராது. அது கச்சேரிப் பொருள் இல்லை.

இனி, இந்த அவையில் எழக்கூடிய ஒரு நியாயமான கேள்வி. தோல் வேலையைப் புகழ்வது நம்மைப் பழைய தொழிலுக்கே திருப்பி அனுப்புவது ஆகாதா? 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் நம் மக்களைக் கேட்டுக்கொண்டவற்றுள் செத்த மாட்டைத் தூக்குவதையும் அதன் இறைச்சியை உண்பதையும் கைவிடச் சொன்னது முக்கியமானது. இங்கே தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் அதையே போராட்டமாக நடத்தினார். சாவுக்குப் பறையடிக்க மறுப்பதும் செத்த மாட்டை அகற்ற மறுப்பதும் அங்கே சுயமரியாதையின் முதல் படியாக இருந்தன. அவர்கள் செய்தது சரி. அதில் நமக்கு மறுபேச்சு இல்லை. சாதி ஒரு வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலை செய்பவர்களையே அடுக்கி வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் 1936இலேயே விளக்கிவிட்டார். கைவிடச் சொன்னது கட்டளையை, இழிவை, கூலியில்லாக் கடமையை.

ஆனால் மறுத்து வெளியேறியபோது, அந்த வேலைக்குள் இருந்த அறிவு யாருடையது என்று கேட்க நமக்கு நேரம் இருக்கவில்லை. பிற்பாடு பறை அந்தக் கேள்வியைக் கேட்டது. சாவுவீட்டுக் கட்டாயத்திலிருந்து விடுபட்ட பறை கலைமேடைக்கு வந்தபோது நம் இயக்கங்களுக்குள்ளேயே கடுமையான விவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. தோல் அறிவைப் பற்றி அந்த அளவு கூட நாம் விவாதிக்கவில்லை. காஞ்சா அய்லய்யா போன்ற சிலர் தோல் பதனிடுதலை அறிவியலாகக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியதோடு சரி.

பழைய செருப்பிலிருந்து வாஷர் வெட்டிய செயலை நாம் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம். அதை யாரும் கட்டளையிடவில்லை. எந்தப் பண்ணைக்கும் போகவில்லை. செத்த மாட்டுக்கு ஈடாகவும் செய்யவில்லை. தன் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் சோறு பொங்க வேண்டும் என்பதற்காகத் தன் சொந்த அடுப்புக்குச் செய்துகொண்ட வேலை. கட்டாயம் நீங்கிய பிறகும் கையில் மிஞ்சியிருந்த அறிவு அது. சேரிக்குள் ஒருவர் செய்யத் தெரிந்திருந்தால் பக்கத்து வீட்டு அடுப்பும் வரும். அதற்குக் கூலி ஒரு டம்ளர் டீயாக இருக்கும், அந்த டீ எல்லாரும் குடிக்கும் டம்ளரில் வரும்.

இதை ஜுகாட் என்று சொல்லிக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2012இல் ‘ஜுகாட் இன்னொவேஷன்’ என்று ஒரு நிர்வாகவியல் நூலே வந்தது. ஏழைகள் இருப்பதை வைத்துச் சமாளிப்பதைப் பார்த்துக் கம்பெனிகள் கற்றுக்கொள்ள வேண்டுமாம். சமாளிக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்று கேட்காமல் சமாளிப்பைப் பாராட்டுவது பண்ணையார் வேலை. சரியான வாஷர் வாங்கக் காசு இருந்தவர் யாரும் செருப்பை வெட்டவில்லை. தவிர, இந்த ஒட்டுவேலை ஆபத்தானது. அழுத்தம் ஏறிய தொட்டியில் சோப்பு அடைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது கூரை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஸ்டவ் வெடித்துப் பெண் சாவு என்று அந்தக் காலச் செய்தித்தாள்களில் வந்தவற்றில் பல, அடுப்பின் மேல் பழிபோட்டுச் செய்த வரதட்சிணைக் கொலைகள். 1986இல் 304பி பிரிவு வந்ததற்கு இப்படிப்பட்ட சாவுகளும் காரணம். அவற்றையும் நிஜமான வெடிப்புகளையும் பிரித்துப் பார்க்க முடியாதபடி அடுப்பு மறைத்துக்கொண்டது. ஆகவே அறிவு என்று நாம் சொல்லும்போது அதன் மேல் பூச்சூட்டவில்லை. வறுமை அந்த அறிவை எங்கே பயன்படுத்த வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

2006க்குப் பின் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. பிறகு ஒன்றிய அரசின் உஜ்வலா. பித்தளை ஸ்டவ்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. நல்லது, புகையும் வெடிப்பும் குறைந்தன. எரிவாயு அடுப்பின் ரெகுலேட்டரை வீட்டில் யாரும் திறப்பதில்லை, திறக்கவும் கூடாது. பழுது பார்க்கும் கை வீட்டை விட்டுக் கம்பெனி ஆளிடம் போய்விட்டது.

இன்னொரு பக்கம், 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்றது. அதன் வழியே பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் இன்று இடம்பிடித்திருக்கும் மாணவர்கள் பம்ப், வால்வு, சீல் பற்றிய பாடத்தைப் படிக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் இதைத் தொட்டதில்லை என்று வகுப்பறையில் யாராவது சொன்னால், அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த உரை.

மாணவர்களிடம் ஒரு வேலை தருகிறோம். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இப்போது முதியவர்கள். தோலில் எந்தப் பகுதி வாஷருக்கு ஆகும், முதுகா வயிறா? எத்தனை நேரம் ஊற வேண்டும்? தேங்காயெண்ணெயா, விளக்கெண்ணெயா? கவலைத் தோலைத் தைத்த தையலுக்கு என்ன பெயர்? கத்திக்கும் ஊசிக்கும் உங்கள் ஊரில் என்ன சொல்? கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். நாமாகத் திருத்த வேண்டாம். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் மேலேயே போடுங்கள். வந்து சேர்வதை மன்றம் அச்சிடும்.

ஜெய்பீம்.